காதில் விழுந்த வரிசையில்

1963 நவம்பர் 22, பிற்பகல். டல்லஸ் விமான நிலையத்தில் நிற்கும் ஜனாதிபதி விமானத்துக்குள் புழுக்கம் தாங்கவில்லை. கென்னடியின் உடல் விமானத்தின் பின்பகுதியில் இருக்கிறது. லிண்டன் ஜான்சன் அங்கேயே பதவியேற்கப் போகிறார். உறுதிமொழி செய்துவைக்க நீதிபதி சாரா ஹியூஸ் வந்துவிட்டார். படம் எடுக்க ஆள் இருக்கிறார். குரலைப் பதிவதற்கு மட்டும் முறையான கருவி ஏதுமில்லை. கடிதங்களை வாயால் சொல்லிப் பதிந்துவைக்கும் டிக்டாஃபோன் ஒன்று விமானத்தில் இருந்தது. பத்திரிகைத் தொடர்பைக் கவனித்துவந்த மால்கம் கில்டஃப் அதன் மைக்கை எடுத்து, புதிய ஜனாதிபதியின் முன்னால் நீட்டிப் பிடித்தார். உலகமெங்கும் அச்சான அந்தப் புகைப்படத்தின் முன்புறத்தில் அந்தக் கையையும் மைக்கையும் இன்றும் பார்க்கலாம்.

ஜான்சனின் ஆட்சி இப்படி ஒரு பிளாஸ்டிக் பட்டையில் தொடங்கியது. அடுத்த ஐந்தாண்டுகளில் அதேபோன்ற பட்டைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. அமெரிக்காவின் அறுபதுகளைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் ஒரு பெரிய நூலகத்தையே நிரப்பும். என்றாலும் அந்தக் காலத்தைப் பற்றி நான் கற்றவற்றில் முக்கியமானவை அந்தப் பட்டைகளிலிருந்து கிடைத்தவை. அதற்கான காரணத்தைச் சொல்ல முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் டிக்டாபெல்ட். 1947இல் அலுவலகங்களுக்காகச் சந்தைக்கு வந்தது. உள்ளங்கை அகலத்தில், கனமில்லாத பிளாஸ்டிக்கால் ஆன வளையம். இரண்டு உருளைகளின் மேல் மாட்டினால் தையல் இயந்திரத்தின் பெல்ட்போல் சுற்றும். பேசும்போது குரலின் அதிர்வு ஓர் ஊசிக்குப் போய், ஊசி சுற்றும் பட்டையில் வரி போடும். பட்டை சுற்றச் சுற்ற ஊசி மெல்லப் பக்கவாட்டில் நகர்வதால், ஒரு வரியின் பக்கத்தில் அடுத்த வரி என நூல்கண்டில் சுற்றிய நூலைப்போல் அவை அடுக்கடுக்காக அமையும். ஒரு பட்டையில் கால் மணி நேரப் பேச்சு அடங்கும்.

இசைத்தட்டின் மூலப் பிரதியைச் செய்யும்போது ஊசி பூச்சைச் சீவி எடுக்கும். இழை இழையாகச் சீவல் வரும். டிக்டாபெல்ட்டின் ஊசி எதையும் சீவாது. மெழுகில் நகத்தால் அழுத்திக் கோடு போடுவதுபோல் அழுத்த மட்டுமே செய்யும். அழுத்திய தடம் அப்படியே நிற்கும். காந்த நாடாவை அழித்துவிட்டு மறுபடி பதியலாம். இதில் அது முடியாது. பதிந்த பேச்சை யாரும் மாற்ற முடியாது என்பதைச் சொல்லித்தான் இதை விற்றார்கள். வரலாறு எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

குறையும் உண்டு. பதிந்த பட்டையைத் தட்டையாக மடித்து உறையில் போட்டுக் கோப்பில் வைப்பார்கள். ஆண்டுகள் கழித்து எடுத்தால் மடிப்பு விழுந்திருக்கும். சுற்றுக்குச் சுற்று ஊசி அந்த மடிப்பின் மேல் ஏறி இறங்கும்போது 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் தடம் கொஞ்சம் தேயும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் துகள் இயற்பியல் கருவிகளை உருவாக்கிவந்த கார்ல் ஹேபரும் அவருடன் பணியாற்றியவர்களும், பழைய இசைத்தட்டு, மெழுகு உருளை போன்ற பதிவுகளை ஊசி தொடாமலே படிக்கும் வழியைக் கண்டார்கள். தடத்தை நுண்ணிய அளவில் படம் பிடித்து, அந்தத் தடத்தில் ஊசி ஓடியிருந்தால் எப்படி அசைந்திருக்கும் என்று கணினியில் கணக்கிட்டு, அந்த அசைவைக் குரலாக்குவது அவர்கள் முறை. துகள்களின் பாதையைத் தேடப் பழகிய கண்கள் இறந்தவர்களின் பேச்சைத் தேடித் தந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஜனாதிபதிகள் பேச்சைப் பதிவது ஜான்சனுக்கு முன்பே இருந்த வழக்கம். ரூஸ்வெல்ட் 1940இல் கொஞ்சம் பதிந்தார். கென்னடி 1962இல் அமைச்சரவை அறையிலும் தம் அலுவலகத்திலும் மைக்குகளை மறைத்துவைத்தார். கியூபா ஏவுகணை நெருக்கடியின் விவாதங்கள் நமக்குக் கிடைத்தது அதனால்தான். ஜான்சனோ தொலைபேசியிலேயே வாழ்ந்த மனிதர். காலையில் படுக்கையிலிருந்தபடியே பேசத் தொடங்குவார். எந்த அழைப்பைப் பதிய வேண்டும் என்பதைச் செயலாளர்களுக்கு விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டுவார். மறுமுனையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இப்படிச் சேர்ந்த தொலைபேசிப் பேச்சு மட்டும் 600 மணி நேரத்துக்கு மேல். கூட்டங்களின் பதிவையும் சேர்த்தால் ஏறத்தாழ 800 மணி நேரம்.

1973 ஜனவரி 22 அன்று ஜான்சன் இறந்தார். தாம் இறந்து 50 ஆண்டுகள் இவற்றை யாரும் திறக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். உதவியாளர் அதைச் சொல்லியே பெட்டிகளை ஆஸ்டினில் உள்ள ஜான்சன் நூலகத்தில் ஒப்படைத்தார். அந்தச் சொல் காப்பாற்றப்பட்டிருந்தால் 2023 ஜனவரியில்தான் முதல் பெட்டி திறந்திருக்கும். ஆனால் அதுவரை பிளாஸ்டிக் தாங்குமா? நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன் காத்திருக்க மறுத்தார். 1990களிலிருந்து பதிவுகள் படிப்படியாக வெளிவந்தன. விருப்பத்தை மீறியது சரியா என்ற விவாதம் உண்டு. அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்: 1964 ஆகஸ்ட் 4.

பாடப் புத்தகங்களில் இந்த நாள் இரண்டு வெவ்வேறு அத்தியாயங்களில் வரும். வியட்நாம் போர் அத்தியாயத்தில், டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாகச் செய்தி வந்த நாள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்ட அத்தியாயத்தில், மிசிசிப்பியில் காணாமற்போன மூன்று இளைஞர்களின் உடல்கள் மண் அணை ஒன்றின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட நாள். இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே எத்தனையோ பக்கங்கள். மாணவர்கள் இரண்டையும் வேறு வேறு ஆண்டுகளில் நடந்தவைபோல் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பட்டைகளுக்கு அத்தியாயம் தெரியாது. காதில் விழுந்த வரிசையிலேயே அவை பதிகின்றன. காலையில் பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா கப்பல்களைப் பற்றிப் பேசுகிறார். பகலெல்லாம் அந்தப் பேச்சு நீள்கிறது: எந்தத் துறைமுகங்களைத் தாக்குவது, காங்கிரஸ் தலைவர்களுக்கு எப்போது சொல்வது, மக்களிடம் எப்போது பேசுவது. இரவில் எஃப்.பி.ஐ. அதிகாரி டி-லோச் வருகிறார். உடல்கள் கிடைத்துவிட்டன என்கிறார். இரவு 11:36க்கு ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வடக்கு வியட்நாமின் மீது விமானங்கள் தாக்குதல் நடத்துவதாக அறிவிக்கிறார். எல்லாம் ஒரே நாள், ஒரே மனிதரின் ஒரே காது.

அந்த மூவரின் கதைக்கு 44 நாள் பின்னால் போக வேண்டும். ஜேம்ஸ் சேனி, 21 வயது, மிசிசிப்பியின் கறுப்பின இளைஞர். ஆண்ட்ரூ குட்மன், 20, மைக்கேல் ஷ்வெர்னர், 24, இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்த வெள்ளையர்கள். கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இருந்தவர்கள். எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்க்கப் போய், ஜூன் 21 இரவு காணாமற்போனார்கள். இரண்டு நாள் கழித்து, ஜூன் 23 பிற்பகலில், மிசிசிப்பி செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டோடு ஜான்சன் பேசும் பதிவு இருக்கிறது. ஈஸ்ட்லண்ட் அமைதியாகச் சொல்கிறார்: இதெல்லாம் விளம்பரத்துக்காகச் செய்யும் நாடகம்; அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சில நிமிடங்களில் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் அழைக்கிறார். அந்த மூவரின் கார் கிடைத்திருக்கிறது, எரிந்துகொண்டிருக்கிறது, உள்ளே உடல் இருக்கிறதா என்று பார்க்க முடியாத அளவுக்கு அனல் என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது உடம்பு நடுங்குகிறது. எந்த ஆவணத்தைப் படித்தபோதும் எனக்கு இந்த நடுக்கம் வந்ததில்லை. ஈஸ்ட்லண்டின் சொல்லுக்கும் ஹூவரின் சொல்லுக்கும் இடையே இருப்பது ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

டோங்கின் செய்தியின் மறுபக்கமும் பிறகு தெரியவந்தது. ஆகஸ்ட் 2 அன்று நடந்தது உண்மையான மோதல். ஆகஸ்ட் 4 இரவு, அங்கிருந்த படைப்பிரிவுத் தலைவர் ஜான் ஹெரிக்கே சில மணி நேரத்தில் சந்தேகம் தெரிவித்தார்: வானிலை ரேடாரை ஏமாற்றியிருக்கலாம், ஒலியுணர் கருவியில் அமர்ந்திருந்தவர்கள் பதற்றத்தில் இல்லாததைக் கேட்டிருக்கலாம். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாளர் ராபர்ட் ஹன்யோக் உள்ளே இருந்த சமிக்ஞைப் பதிவுகளை எல்லாம் ஆராய்ந்து, இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று எழுதினார்; எதிர்ச் சான்றுகளில் பெரும்பகுதி மேலிடத்துக்குப் போகவில்லை என்பதையும் காட்டினார். அவர் எழுதியது 2005இல்தான் வெளியானது. நடக்காத அந்தத் தாக்குதலை வைத்து 1964 ஆகஸ்ட் 7 அன்று காங்கிரஸ் ஜான்சனுக்குப் போர் அதிகாரம் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. எதிர்த்த இருவர் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங். அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் மட்டும் 58,000க்கு மேல். வியட்நாமியர் பல லட்சம்.

ஜான்சன் கண்ணை மூடிக்கொண்டு போருக்குப் போனார் என்று எண்ணியவர்களுக்கு 1964 மே 27ஆம் தேதிப் பதிவு பேரதிர்ச்சியாக இருந்தது. அன்று காலை அவர் செனட்டர் ரிச்சர்ட் ரஸலை அழைக்கிறார். ரஸல் ஜார்ஜியாக்காரர், செனட்டின் இராணுவக் குழுத் தலைவர், ஜான்சனுக்கு அரசியல் கற்றுக்கொடுத்த ஆசான் போன்றவர். வியட்நாமை என்ன செய்யலாம் என்று கேட்கிறார் ஜான்சன். இருவருக்கும் வழி தெரியவில்லை. ஜெயிக்க முடியும் என்று இருவருமே நம்பவில்லை. வீட்டில் தமக்குப் பணிவிடை செய்யும் ஓர் இராணுவ சார்ஜென்ட்டைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவருக்கு ஆறு குழந்தைகள். அந்த மனிதரை அங்கே அனுப்புவதை நினைத்துப் பார்த்தேன், எதற்காக அனுப்புவது என்று எனக்கே விளங்கவில்லை என்கிற பொருளில் ஜான்சன் பேசுகிறார். அதே காலையில் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடமும் அந்தச் சார்ஜென்ட்டைப் பற்றிச் சொல்கிறார். பதினான்கு மாதம் கழித்து, 1965 ஜூலை 28 அன்று, வியட்நாமில் இருக்கும் படையை 1,25,000ஆகப் பெருக்குவதாக அறிவித்தவரும் இதே மனிதர்தான். அறியாமல் செய்த தவறை மன்னித்துவிடலாம். அறிந்து, அஞ்சி, அதன் பிறகும் செய்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

அந்த மே 27 அழைப்பில் இன்னொரு வியப்பு இருக்கிறது. தேதியைப் பாருங்கள். இன ஒதுக்கலை ஒழிக்கும் சிவில் உரிமைச் சட்டம் அப்போது செனட்டில் சிக்கிக் கிடக்கிறது. தென்மாநில உறுப்பினர்கள் மாதக் கணக்கில் பேசிப் பேசியே வாக்கெடுப்பைத் தடுக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் யார்? இதே ரஸல். காலையில் ஜான்சன் போரைப் பற்றி மனம்விட்டுப் பேசும் நண்பரே, அவருடைய மிகப் பெரிய சட்டத்தைச் சபையில் அடைத்து நிற்கும் எதிரி. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 10 அன்று, அந்தப் பேச்சை நிறுத்தும் தீர்மானம் 71க்கு 29 என்று வென்றது. தேவைப்பட்டவை 67. கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கல் மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் அவரைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பெயர் அழைக்கப்பட்டபோது தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆதரவு வாக்குக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஐ' என்ற ஒலி, கண்ணுக்கான சொல்லாகவும் இருக்கிறது. அதுவே வாக்காக எண்ணப்பட்டது. ஜூலை 2 அன்று சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார். மிசிசிப்பியின் மூன்று உடல்களும் அப்போது அணைக்கு அடியில் இருந்தன.

அறுபதுகளை நாளேட்டைப்போல் நாள் வரிசையில் அடுக்கினால் இப்படிப்பட்டவை வந்துகொண்டே இருக்கும். 1965 ஜூலை 28இல் படைப் பெருக்கம். இரண்டு நாள் கழித்து முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம். ஆகஸ்ட் 11இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி பற்றி எரியத் தொடங்கியது. 34 பேர் இறந்தார்கள். எல்லாம் பதினைந்தே நாளில். அந்த ஆண்டு இந்தியாவில் பருவமழை பொய்த்தது. நவம்பரில் நம் ஊர்க்காரர் சி. சுப்பிரமணியம், இந்தியாவின் உணவு அமைச்சராக, ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து பேசினார். கோதுமைக் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தவர் ஜான்சன். ரேஷன் கடையில் அந்தக் கோதுமைக்கு வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய வரிசையும் இந்தக் காலவரிசைக்குள்தான் அடங்கும்.

குரல் பொய் சொல்லாது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். அதற்கு மருந்தாக இரண்டு கதைகள்.

ஒன்று சிறியது. ஜான்சனின் பேச்சு தடித்த டெக்சஸ் பேச்சு. பதிவுகளை அவருடைய காலத்திலேயே செயலாளர்கள் தட்டச்சு செய்தார்கள். ஓரிடத்தில் தமக்காக 'அயோக்கியர் கூட்டம்' ஒன்று காத்திருக்கிறது என்று ஜான்சன் சொன்னதாகத் தட்டச்சில் இருக்கிறது. பட்டையைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்குப் பிறகு புரிந்தது, அவர் சொன்னது 'பாகிஸ்தான் அம்பாசடர்'. ஒரு நாட்டின் தூதர் காகிதத்தில் வசவாக மாறியிருந்தார். கென்னடியின் பதிவுகளிலும் இதுபோல் உண்டு. கியூபா நெருக்கடி உரையாடல்கள் 1997இல் புத்தகமாக வந்தபோது, கென்னடி நூலகத்தில் பல்லாண்டு அந்த நாடாக்களைக் கேட்டுப் பழகிய ஷெல்டன் ஸ்டெர்ன் என்ற வரலாற்றாளர், தவறாகக் கேட்கப்பட்ட இடங்களைப் பட்டியலிட்டார். தம்பி ராபர்ட் கென்னடி பின்னாளில் தம்மைப் பற்றி எழுதிக்கொண்ட அளவுக்கு அந்த நாட்களில் நிதானமாக இல்லை, தாக்குதலின் பக்கம் நின்றார் என்பதையும் அவர் நாடாக்களைக் கொண்டே காட்டினார். கேட்பதும் ஒரு கல்விதான். கர்நாடக இசையில் ராகம் பிடிபட ஆண்டுகள் ஆவதைப்போல இதற்கும் ஆண்டுகள் ஆகின்றன.

மற்றது பெரியது. கென்னடி சுடப்பட்ட வேளையில் டல்லஸ் காவல்துறையின் வானொலி இரண்டு அலைவரிசைகளில் இயங்கியது. ஒன்றைப் பதிந்தது டிக்டாபெல்ட். மற்றொன்றைப் பதிந்தது வேறு வகைத் தட்டு. ஒரு மோட்டார் சைக்கிளின் மைக் பொத்தான் சிக்கிக்கொண்டதால் முதல் அலைவரிசையில் சில நிமிடம் இரைச்சல் மட்டும் பதிந்தது. 1970களின் இறுதியில் ஒலியியல் வல்லுநர்கள் அந்த இரைச்சலுக்குள் துப்பாக்கி வெடிகளின் சாயலைக் கண்டார்கள். நான்காவது குண்டு ஒன்று எதிர்ப்புறப் புல்மேட்டிலிருந்து வந்திருக்க 95 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்றார்கள். அதை நம்பி, பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு 1979இல், கொலையில் சதி இருந்திருக்கக்கூடும் என்று அறிவித்தது.

அந்தப் பதிவின் நகல், ஒரு மாத இதழோடு மெல்லிய பிளாஸ்டிக் தட்டாக இணைந்து வந்தது. ஓஹையோவைச் சேர்ந்த டிரம்ஸ் வாசிக்கும் இளைஞர் ஒருவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். வெடிகள் என்று சொல்லப்பட்ட அதே இடத்தில், இரைச்சலுக்கு அடியில், மங்கலாக ஒரு மனிதக் குரல் இருப்பதை அவர் காது பிடித்தது. டல்லஸ் ஷெரிஃப் இரண்டாவது அலைவரிசையில் கொடுத்த உத்தரவு அது. கசிந்து இங்கேயும் விழுந்திருக்கிறது. அந்த உத்தரவை ஷெரிஃப் கொடுத்ததோ கென்னடி சுடப்பட்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து. அப்படியென்றால் 'வெடிகள்' கேட்கும் நேரத்தில் ஜனாதிபதியின் கார் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. தேசிய அறிவியல் கழகம் இயற்பியலாளர் நார்மன் ராம்சியின் தலைமையில் 12 பேரைக் கொண்ட குழுவை அமைத்து ஆராய்ந்தது. நோபல் பெற்ற லூயிஸ் அல்வாரெஸ் அதில் ஓர் உறுப்பினர். 1982இல் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு அந்த இளைஞரின் காது சொன்னதுதான். எதிர்வாதங்கள் பின்னும் எழுந்தன. ஆனால் குழுவின் தர்க்கம் எனக்கு உறுதியாகப் படுகிறது. இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் மட்டுமே பிடிபட்ட உண்மை இது. முதல் பதிவைத் தனியாக வைத்து நூறாண்டு ஆராய்ந்திருந்தாலும் கிடைத்திருக்காது.

கென்னடி கொல்லப்பட்ட அதே நவம்பரில், ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் என்ற அமெரிக்க வரலாற்றாளர் ஓர் உரை ஆற்றினார். தம் நாட்டு அரசியலில் எங்கும் சதியைக் காணும் மனப்போக்கு எவ்வளவு பழையது என்பது அதன் பொருள். அந்த மனப்போக்கு ஆதாரங்களை அலட்சியப்படுத்துவதில்லை என்று அவர் கண்டார். ஆதாரங்களை அது மிகக் கவனமாகச் சேர்க்கும், அடுக்கும், கடைசியில் ஒரே தாவலாகத் தாவிவிடும். டல்லஸ் பட்டையின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாவல் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஹோஃப்ஸ்டாட்டர் 1970இல் 54 வயதில் இறந்துபோனார். ஜான்சனின் பட்டைகள் இருப்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவற்றை அவர் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி ஏங்குவதுண்டு.

பட்டைகள் காதில் விழுந்த வரிசையைக் காக்கின்றன என்றேன். யாருடைய காதில்? ஜனாதிபதியின் காதில். அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்தவர்களின் குரல்தான் அங்கே விழும். மார்ட்டின் லூதர் கிங் விழுகிறார். 1965 ஜனவரி 15, அவருடைய 36ஆம் பிறந்த நாளில், இருவரும் வாக்குரிமை பற்றிப் பேசுகிறார்கள். முந்தைய தேர்தலில் ஜான்சன் தோற்ற தென்மாநிலங்களில் கறுப்பின மக்களில் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே வாக்காளர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள் என்று கிங் எடுத்துக்காட்டுகிறார். அரசியல்வாதிக்குப் புரியும் கணக்கு அது. மிசிசிப்பியில் அந்த எண்ணிக்கை வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் 6.7 விழுக்காடு, 1967இல் 59.8. இந்த மாற்றத்தைச் செய்தவர்களில் ஜனாதிபதியைத் தொலைபேசியில் பிடிக்க முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஃபேனி லூ ஹேமர் அவர்களில் ஒருவர். இருபது குழந்தைகளில் கடைசியாகப் பிறந்து, பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்குக்கு உழைத்தவர். 1962இல் வாக்காளராகப் பதிய முயன்றதற்காகப் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். 1963இல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் கூடியபோது, மிசிசிப்பியின் வெள்ளையர் மட்டுமே கொண்ட பிரதிநிதிக் குழுவுக்கு எதிராக இன்னொரு குழு வந்து நின்றது. ஆகஸ்ட் 22 அன்று அதற்காகச் சாட்சி சொன்னவர் ஹேமர். தொலைக்காட்சி நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. தென்மாநில வாக்குகள் போய்விடும் என்று அஞ்சிய ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். கேமராக்கள் வெள்ளை மாளிகைக்குத் திரும்பின.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 25 காலைப் பதிவில், தாம் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்ற அறிக்கையைத் தம் கையால் எழுதிவைத்துக்கொண்டு, பத்திரிகைச் செயலர் ஜார்ஜ் ரீடிக்கு ஜான்சன் படித்துக் காட்டுகிறார். களைத்துப்போன, பயந்துபோன குரல். அறிக்கை வெளியாகவில்லை, நவம்பரில் அவர் பெருவெற்றி பெற்றார். ஆனால் அந்தப் பட்டையைத் தனியாகக் கேட்பவருக்கு இந்த மனிதர் எதற்காக இப்படி உடைந்துபோகிறார் என்று புரியாது. உடைத்த குரல் பட்டைக்கு வெளியே இருக்கிறது.

ஹேமரின் ஊர் ரூல்வில், மிசிசிப்பி மாநிலத்தின் சன்ஃப்ளவர் மாவட்டம். மூவரும் நாடகமாடுகிறார்கள் என்று ஜூன் 23 அன்று தொலைபேசியில் சொன்ன செனட்டர் ஈஸ்ட்லண்டின் பருத்திப் பண்ணையும் அதே சன்ஃப்ளவர் மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் எண்ணைச் சுழற்றினால் ஜனாதிபதி எடுத்தார். ஹேமரின் சாட்சியத்தைப் பகலில் மறைத்த தொலைக்காட்சி நிலையங்கள் அன்று இரவு, நாடே வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அதை மறுபடி ஒளிபரப்பின.